புலித் தடத்துக்குக் குடை

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைநாள், மட்டாஞ்சேரி ஜெட்டியில் எறணாகுளம் போகும் படகுக்காகக் காத்திருந்தேன். முன்னால் நின்ற காட்டிலாகா வாட்சர் ஒருவர், காய்ச்சலில் நடுங்கியபடி தம் அக்காவிடம் சொன்னார்:

“புலியோட கால் தடத்துக்குக் குடை பிடிச்சேனாக்கும்.”

“நீ நனைஞ்சுண்டா?”

“மழையிலே தடம் அழிஞ்சுட்டா அந்தப் புலி கணக்கெடுப்பிலே வராது அக்கா. பக்கத்திலேயே குட்டியோட தடமும் இருந்தது. குட்டி இருக்குன்னு தெரிஞ்சா அங்கே மரம் வெட்ட விடமாட்டா. ரேஞ்சர் பிளாஸ்டர் கொண்டுவந்து அச்செடுக்கற வரைக்கும் நின்னேன்.”

“அதுக்குள்ளே புலி திரும்பி வந்திருந்தா?”

“வந்தது. குட்டியும் கூட வந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, அதுபாட்டுக்குப் போயிடுத்து.”

அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படகேறி எறணாகுளத்தில் இறங்கும்வரை அதை விடவே இல்லை.