துவாரபாலகரின் முட்டி

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம். விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேருமே என்னிடம் படித்தவர்கள், அதனால் நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன்.

நான் கைலாசநாதன், இடைக்காலச் சிற்பக்கலை வரலாற்றுப் பேராசிரியர். துவாரபாலகர் கால் முட்டியை எவ்வளவு மடக்கியிருக்கிறார் என்று பார்த்தே அவர் எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடுவேன். காரைக்கால் பிள்ளைகள் எனக்கு 'முட்டி சார்' என்று பெயர் வைத்திருப்பது தெரியும். வைத்துக்கொள்ளட்டும். முட்டியை வைத்துப் பாரிஸ் வரை போனவன் நான் ஒருவன்தான்.

அந்த முட்டி அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன சிவன் கோயிலில் இருக்கிறது. வாசலில் நிற்கும் துவாரபாலகர் இருவரும் முதலாம் இராசராசன் காலம் என்று புத்தகம் எழுதினேன். என் வேலை, பதவி உயர்வு எல்லாம் அந்தப் புத்தகத்தின் மேல்தான் நிற்கின்றன.

என் ஆய்வு மாணவி தமிழ்மொழி ஒரு நாள் மூச்சிரைக்க வந்தாள்.

"சார், துவாரபாலகருக்குக் கீழ சுண்ணாம்பைச் சுரண்டிப் பாத்தேன். கல்வெட்டு இருக்கு சார். குலசேகர பாண்டியன் காலத்துல ஒரு வியாபாரி இந்த ரெண்டு பேரையும் செஞ்சு வச்சிருக்கான். முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட தள்ளிப் போகுது."

போனில் படம் காட்டினாள். பார்த்தேன். தெளிவாக இருந்தது.

"முட்டியைப் பாத்தியாம்மா?"

"முட்டி பேசாது சார். கல்வெட்டு பேசுது."

நல்ல பெண். கொஞ்சம் அவசரக்காரி.

ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுக்க வேண்டும். அந்த மைப்படி இல்லாமல் எங்கள் துறையில் யாரும் கல்வெட்டை நம்பமாட்டார்கள். அதற்கு நெறியாளரான என் கடிதம் வேண்டும். தருகிறேன் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

கோயிலில் அப்போது குடமுழுக்கு வேலை. "கல்லு பூரா எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் திருப்பணிக் குழுத் தலைவர் அம்பலவாணன். மணல் அடிக்கச் சொன்னேன். மெஷின் வைத்து மணலைப் பீய்ச்சினால் பிசுக்கு போகும், சுண்ணாம்பு போகும், எழுத்தும் போகும். மூன்றாவதை நான் சொல்லவில்லை, அவர் கேட்டது பிசுக்கைப் பற்றி. மணலடிப்பை எதிர்த்துப் பத்திரிகைகளில் அதிகம் எழுதியவன் நான், அதன் வேகம் எனக்குத் தெரியாதா? செலவையும் நானே ஏற்றுக்கொண்டேன். துவாரபாலகர்களுக்கு மட்டும் சாக்கு சுற்றச் சொன்னேன். முட்டி முக்கியம்.

வாய்மொழித் தேர்வில் தமிழ்மொழியிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"படம் இருக்கட்டும்மா. இந்தக் காலத்துல படத்தை யாரும் செய்யலாம். கல்லுல எழுத்து எங்க?"

"நீங்க பாத்தீங்களே சார்."

"எதைம்மா?"

ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. கல்வெட்டை ஜோடித்தவள் என்று பெயர் எடுத்தவளை எந்தக் கல்லூரி வேலைக்கு எடுக்கும்? இப்போது கோவில்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். படியெடுப்பதில் அவளுக்கு எப்போதுமே ஆர்வம்.

அம்பலவாணனிடம் என் பெயரை எங்கும் போடவேண்டாம் என்று கெஞ்சினேன். நம் பக்கத்தில் உபயதாரர் அப்படிச் சொன்னால் பெரிதாகப் போடு என்று அர்த்தம். நான் அதை யோசிக்கவில்லை. "அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்ங்க" என்று சொல்லி, கருங்கல் பலகையில் வெட்டி, பழைய எழுத்து இருந்த இடத்திலேயே பதித்துவிட்டார். முதல் வரியை என் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார்: 'முதலாம் இராசராசன் காலத்துத் துவாரபாலகர்.' அடுத்த வரி: 'மணலடிப்பு உபயம், முனைவர் கைலாசநாதன்.'

அதைத்தான் தமிழ்மொழி முறைப்படி மைப்படி எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். சுத்தமான வேலை. நான் சொல்லிக் கொடுத்தது.

ஆமாம், அழிக்கச் சொன்னது நான்தான். அவள் காட்டிய படமும் உண்மைதான். மன்னிப்பெல்லாம் கேட்பதாக இல்லை. நீங்கள் இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், முதல் வரியைப் படியுங்கள். முதலாம் இராசராசன் காலம். இனிமேல் இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்வெட்டே சொல்கிறது.