ஒன்பதாம் தேதிப் படப்பிடிப்பு

தேதி: 5-2-1982, வெள்ளிக்கிழமை. நேரம்: பகல் பதினொன்றரை. இடம்: புது தில்லி, காவல் நிலையம்.

என் பெயர் வடிவு. கணவர் பெரியண்ணன், காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பது இருக்கும். சொந்த ஊர் சேலம் ஜில்லா, ஆத்தூர்ப் பக்கம். வீட்டு வேலை செய்கிறேன். கிட்வாய் நகருக்குப் பின்னால் சாக்கடைக் கால்வாய்க் கரையில் இருக்கும் ஜுக்கிக் குடிசைகளில் குடியிருக்கிறேன். கதவு எண் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். அரசாங்கம் எங்களுக்கு எண் எதுவும் கொடுக்கவில்லை. சாக்கட்டியால் எண் போட்டவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இந்தி பேச வரும். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்றேன். இந்தியில் சொன்னால் நான் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று எழுதுவீர்கள். அதனால் மந்திர் மார்க்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கல்யாணராமன் அவர்களை இன்ஸ்பெக்டர் வரவழைத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுத்துத் தமிழில் எழுதுகிறார். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியது பேசியபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிட்வாய் நகரில் ராமமூர்த்தி ஐயா வீட்டில் பதினொரு வருடமாகப் பெருக்கி, பாத்திரம் துலக்கி, துணி துவைத்து வருகிறேன். அவர் மத்திய அரசில் அதிகாரி. ஊருக்குள் எந்த நிலத்தைக் காலி செய்வது என்று முடிவு செய்கிற ஆபீஸ் அவருடையது என்பது எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் மீனாக்ஷி. வயது இருபத்தொன்று. அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு வருடம் தலை பின்னிவிட்டவள் நான். அது இப்போது ஒரு கல்லூரியில் டெலிவிஷன் படிப்புப் படிக்கிறது. என்னோடு என் தம்பி குழந்தைசாமி இருக்கிறான். கட்டட வேலை செய்கிறான். நேற்று முன்தினத்திலிருந்து உங்கள் லாக்கப்பில் இருக்கிறான்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மீனாக்ஷி சமையலறைக்கு வந்து, "வடிவு, எங்க காலேஜ்ல ஒரு டாக்குமெண்ட்ரி பண்ணணும். பத்து நிமிஷம்தான். உங்க பஸ்திக் குடிசைகளைப் பத்தி எடுக்கலாம்னு இருக்கேன். நன்னா வந்தா டி.வி.ல கூடப் போடுவா" என்றது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணுமே பண்ண வேண்டாம். எப்பவும் இருக்கிற மாதிரி இருந்தாப் போறும்" என்று சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதன் பிறகு நான் எங்கள் ஜனங்களிடம் சொன்னேன். கால்வாய்க் கரையில் மொத்தம் அறுபத்திரண்டு வீடு. ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் வேறொரு இடத்தில் இருந்தபோது நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு பேர் வந்து வீடுகளை எண்ணிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் இயந்திரம் வந்து இடித்தது. அன்று முதல் பேனாவைப் பார்த்தாலே எங்கள் ஆட்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான்தான் வீடு வீடாகப் போய், "நம்ம பாப்பாதான், நான் தலை பின்னி வளத்த புள்ள. டி.வி.யில நம்ம மூஞ்சி வந்துட்டா அப்புறம் எவன் வந்து கை வைப்பான்?" என்று சொல்லி நம்ப வைத்தேன். சுப்பையா ஒருவர் மட்டும் நம்பவில்லை. அவர் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் சமையற்கட்டில் இருக்கிறார், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், எங்களில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர்தான். "எழுதிட்டுப் போறவங்க சும்மா எழுத மாட்டாங்க அக்கா" என்றார். நீ படித்த படிப்பு உனக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்திருக்கிறது என்று அவரைக் கிண்டல் செய்தேன்.

அதன் பிறகு மீனாக்ஷியும் கூடப் படிக்கும் பல்தேவ் என்ற பையனும் நாலு நாள் வந்தார்கள். கேமரா கொண்டுவரவில்லை. கேமராவைக் கல்லூரியில் எல்லோரும் முறை போட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். ஒரு அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்தார்கள். பார்த்ததை மீனாக்ஷி ஒரு பச்சைக் கோப்பில் எழுதியது. பல்தேவ் பன்னிரண்டு கதவுகளில் சாக்கட்டியால் எண் போட்டான். எந்த வீட்டை முதலில் படம் எடுப்பது, எதைப் பிறகு எடுப்பது என்பதற்கான வரிசை அது என்றார்கள். என் கதவில் ஏழு.

எண் போட்டதும் எங்களுக்குள் வம்பு ஆரம்பித்தது. எண் விழுந்தவர்கள் தங்கள் வீட்டை இடிக்கப்போகிறார்களோ என்று பயந்தார்கள். எண் விழாதவர்கள் மாற்று இடம் கொடுக்கும்போது தங்களை விட்டுவிடுவார்களோ என்று சண்டைக்கு வந்தார்கள். என் தம்பி ஈரத்துணியால் எங்கள் எண்ணை அழித்தான். பல்தேவ் மறுபடி போட்டான். தம்பி அவன் கையிலிருந்த சாக்கட்டியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தான். கைகலப்பு எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். கோப்பு காணாமல் போனதும் பல்தேவ் தம்பியைக் கைகாட்டியதற்கு இதுதான் காரணம்.

பொங்கலுக்கு முன்தினம் நான் மீனாக்ஷியிடம், "நாளைக்கு வந்து எடேன் பாப்பா, கோலம் போட்டு லட்சணமா இருக்கும்" என்றேன். அது, "இல்லே வடிவு, எனக்கு நைன்த் ஃபெப்ரவரிதான் வேணும்" என்றது. அந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் கேமரா அன்றுதான் கிடைக்கும் என்று சொன்னது. அதன் பிறகு ஒரு நாள், கூரையில் கிழிந்த தார்ப்பாயை மாற்றிச் சுவரில் இரண்டு வரிசை செங்கல் ஏற்றப் போகிறோம் என்று சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வேண்டாம் வடிவு, அப்படியே இருக்கட்டும். இப்போ போய் எதுக்கு வீணா சிரமப்படறே" என்றது. வீண் என்ற சொல் எனக்கு உறுத்தியது. ஆனாலும் பதினொரு வருடத்துப் பழக்கம், தப்பாக நினைக்க மனம் வரவில்லை. ஜனவரிக் குளிரில் கிழிந்த தார்ப்பாயின் கீழேயே படுத்தோம்.

இந்த மாதம் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் துடைக்கும்போது பச்சைக் கோப்பு அங்கே கிடந்தது. நகர்த்தி வைக்கலாம் என்று எடுத்தேன், பிரிந்துகொண்டது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் படம் வரைந்திருந்தது. படம் பார்க்க எவனிடம் போய்ப் படிக்க வேண்டும்? ஏழாம் எண் போட்ட என் கதவு ஒரு கட்டத்தில் இருந்தது. நான் அடுப்பு ஊதுவது இருந்தது. தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது இருந்தது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே புரட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம்தான். முதல் கட்டத்தில் புல்டோசரின் இரும்பு வாய் என் கதவில் முட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டத்தில் கதவு இல்லை, செங்கல் குவியல்தான் இருந்தது. அதற்கடுத்து அந்தக் குவியல்மேல் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் அவள் முகம் மட்டும் பெரிதாக, கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுவதாக வரைந்திருந்தது. மூக்குத்தி எனக்கு இருப்பதுபோல் வலது பக்கம். ஆள் சாகுமுன்னே பாடை கட்டி வைத்ததுபோல் நான் அழப்போவதை முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறார்கள். வந்த ஆத்திரத்தில் கோப்பை மடியில் செருகிச் சேலையால் மறைத்துக்கொண்டு, மீதிப் பாத்திரத்தையும் துலக்கிவிட்டு வெளியே வந்தேன். எடுத்தது நான்தான். தம்பி அந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

அன்று சாயங்காலம் சுப்பையாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கடைசிப் பக்கத்தின் கீழ் இப்படி எழுதியிருக்கிறது என்றார்: பிப்ரவரி ஒன்பது, செவ்வாய், காலை ஏழு மணிக்குக் கேமரா தயாராக இருக்க வேண்டும். எட்டு மணிக்கு இயந்திரம் வரும். குடியிருப்பவர்களிடம் சொல்லக் கூடாது, சொன்னால் சாமான்களை எடுத்துக்கொண்டு முன்னதாகவே போய்விடுவார்கள், காட்சி கிடைக்காது. ஓரத்தில் வேறு மையில், 'தகவல்: அப்பா. பெயர் வேண்டாம்' என்று இருந்ததாம். சுப்பையா, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அடிப் பாவி, கூட்டியாந்தது நீதானே? உனக்கு எங்க எடம் தர்றேன்னாங்க?" என்று கேட்டாள். ராத்திரிக்குள் அறுபத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் ராமமூர்த்தி ஐயா கோப்பு திருட்டுப்போனதாகப் புகார் கொடுத்தார். எங்கள் தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டு போனபோது மூன்று தடவை நடந்தும் இந்த ஸ்டேஷனில் புகார் எழுதவில்லை. ஒரு கோப்புக்கு அன்றைக்கே எழுதினீர்கள். இதை எழுதலாமா என்று கல்யாணராமன் ஐயா தயங்குகிறார். எழுதுங்கள் ஐயா, நடந்ததுதானே. தம்பியை வேலை செய்கிற இடத்தில் வைத்தே பிடித்தார்கள். நான் பயந்து இரண்டு நாள் வராமல் இருந்தேன். அது என் தப்பு.

இன்று காலை ஒன்பது மணிக்கு வந்து, கோப்பு என்னிடம் இருக்கிறது என்று வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னேன். இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் யாருக்கோ டெலிபோன் செய்தார். அரை மணியில் ராமமூர்த்தி ஐயாவும் மீனாக்ஷியும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். ஐயா என்னை வராந்தா ஓரத்துக்கு அழைத்து, "வடிவு, கம்ப்ளைண்டை வாபஸ் வாங்கிக்கறேன். இன்ஸ்பெக்டர்ட்ட ஒண்ணும் கொடுக்காதே. ஃபைலை எங்காத்துல கொண்டுவந்து கொடுத்துடு. தம்பியை இப்பவே அழைச்சுண்டு போ" என்றார்.

"ஒம்பதாந் தேதி மெய்தானுங்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் ஆபீஸ் சமாசாரம். நீ பேசப்படாது" என்றார்.

மீனாக்ஷி அழுதது. "உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன் வடிவு, எங்க காலேஜ் சார்தான் கூடாதுன்னார். நாங்க எடுத்தாலும் எடுக்காட்டாலும் அவா இடிக்கத்தான் போறா. யாராவது எடுத்துக் காட்டணும் இல்லியா?" என்றது. "நான் அழுவுறதையும் வரைஞ்சு வச்சியே பாப்பா, அதுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன். எனக்கு அந்தப் பெண்மேல் இருந்த பாசம் அப்போதும் போகவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சமாதானமாகப் போய்விடு, உனக்கும் நல்லது, தம்பிக்கும் நல்லது என்று இன்ஸ்பெக்டரும் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். வாபஸ் வாங்கினால் கோப்பு அந்த வீட்டுக்குப் போகும், ஒரு தீக்குச்சிக்கு ஆகும். அப்படித் தேதி ஒன்று எழுதியே இல்லை, படிக்காத பொம்பளை உளறுகிறாள் என்று சொல்லிவிடுவார்கள். திருட்டுச் சொத்தாக இருந்தால்தான் அது நீதிபதியின் மேஜைக்குப் போகும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் எங்களிடம் ஒரு காகிதமும் இல்லாமல் போனதில் நானே கற்றுக்கொண்டது.

ஆகையால் சமாதானத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை. ராமமூர்த்தி ஐயா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து கோப்பைத் திருடியது நான். தம்பியை விட்டுவிட்டு என்மேல் வழக்குப் போடுங்கள். கோப்பை இப்போது உங்கள் மேஜையில் வைக்கிறேன். 'பச்சை நிறக் கோப்பு ஒன்று' என்று பட்டியலில் எழுதியிருப்பது போதாது. பக்கம் எத்தனை, கடைசிப் பக்கத்தில் என்ன படம், என்ன தேதி, யார் சொன்ன தகவல் என்பதெல்லாம் எழுதினால்தான் ரேகை வைப்பேன். கல்யாணராமன் ஐயா எண்ணிப் பார்த்து இருபத்து மூன்று பக்கம் என்கிறார்.

இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னையும் கோப்பையும் சேர்த்துத் திங்கட்கிழமைக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை நிறுத்தினால் நீங்கள் என்னை விடுதலை செய்தாலும் எனக்குப் போக இடம் இருக்காது.

இதில் எழுதியிருப்பதை எனக்குத் தமிழில் இரண்டு தடவை படித்துக் காட்டினார்கள். என் வாயால் சொன்னதுதான், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. சொல்லாதே என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

வடிவு, இடது கைப் பெருவிரல் ரேகை.

எழுதியவர்: கல்யாணராமன். கோப்பு பெற்றுக்கொள்ளப்பட்டது. பக்கங்கள் இருபத்து மூன்று. கடைசிப் பக்கத்தில் நான்கு படங்களும், 9-2-1982 காலை எட்டு மணி என்ற குறிப்பும், தகவல் தந்தவர் பற்றிய வரியும் இருப்பதை நான் என் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.