ரொட்டிக் கடைத் தீப் பாட்டு

இல்ல சார், பிள்ளைங்கல்லாம் பயப்படமாட்டாங்க. நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா என்ன? இப்ப உங்க முன்னாடி பாடினாங்களே, எவனாவது முகம் சுளிச்சானா? ஃபயர் மாமா, இன்னொரு வாட்டி பாடவான்னு உங்க சட்டையைப் பிடிச்சுல்ல இழுத்தான் அந்த வாலு.

உக்காருங்க. பிள்ளைங்க நாற்காலிதான், தாங்கும். ஃபயர் சர்டிபிகேட்டுல உங்க கையெழுத்துக்கு ஃபைலை எடுக்கத்தான் அவரு ஆபீஸ் ரூமுக்குப் போயிருக்காரு. ஆமா, கரஸ்பாண்டன்ட் என் வீட்டுக்காரர்தான். கீழ ஸ்கூலு, மேல எங்க வீடு.

பாட்டா? நான் கட்டினதுதான் சார். முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி எங்கயோ ஒரு பெரிய ஊரே எரிஞ்சு போச்சுல்ல, அந்தக் கதை. தீ தீ தீ பிடிச்சிருச்சு, ரொட்டிக் கடையில பிடிச்சிருச்சு, காத்து வந்து ஊதிருச்சு, காலையில தெருவே போயிருச்சு. இப்படியே போகும். வாய் வலிக்கச் சொன்னாலும் மண்டையில ஏறாதது, பாட்டாப் போட்டா தூக்கத்துலயும் வரும்.

இவருக்குத்தான் பிடிக்கல. அபசகுனமா எதையாவது பாட வைக்கிறியேன்னு ஒரே சத்தம். நான் விடல. மத்த எல்லாத்தையும் விட்டுட்டேன், இதை விடல.

கடைசி அடியா? எல்லாரும் தாண்டி வந்தாச்சு, அக்கா மட்டும் வரலையேன்னு முடியுமே, அது கடைக்காரர் வீட்டு வேலைக்காரப் பொண்ணு சார். கீழ நெருப்பு, எல்லாரும் மாடி ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்குத் தாண்டிட்டாங்க. அவ மட்டும் பயந்து நின்னுட்டா, பாவம். அந்த அக்கா ஏன் வரலன்னு தெனம் கேப்பாங்க. போன வாரம் நம்ம கண்ணாடிக்காரி, முன்வரிசையில உக்காந்திருந்தாளே, எந்திரிச்சு நிக்கிறா. மிஸ், உங்க வீட்டு ஜன்னல்ல கம்பி இருக்கே, நீங்க எப்படி வருவீங்கன்னா. மொத்த வகுப்பும் என்னையே பாக்குது.

மிஸ் படி வழியா ஓடி வந்துருவேன்டா கண்ணுன்னு சொன்னேன். அஞ்சு வயசுப் பிள்ளைகிட்டப் பொய் சொல்லிட்டேன் சார்.

படியா? இருக்கே, நல்ல அகலமான படி. கதவுக்குத்தான் வெளிய பூட்டு. ஸ்கூல் விட்டதும் நான் மேல போவேன், அவரு பூட்டிட்டுக் கிளம்பிடுவாரு. பொம்பள நாலு பேரோட பழகினா கெட்டுப் போயிருவாளாம். பகல்ல ஸ்கூல் வாசல் கேட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. இப்படி ஒரு வெளியாளோட தனியாப் பேசியே எவ்வளவு நாளாச்சு.

செருப்புச் சத்தம் கேக்குது, வர்றாரு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, மாடியையும் பாக்கணும், அதுதான் சட்டம்னு சொல்லுங்க. என்ன பேசிட்டிருந்தீங்கன்னு கேட்டா, பாட்டைப் பத்தின்னு சொல்லிக்கலாம். சாவியை மட்டும் நீங்க கேளுங்க சார். நான் கேட்டுப் பாத்துட்டேன், பல்லுதான் போச்சு.