மாமிக்குக் காய்ச்சிய கூழ்

ஒடியல் கூழ் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. காய்ந்த பனங்கிழங்கை இடித்து எடுக்கிற ஒடியல் மாவைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து வடித்தால்தான் கசப்பு இறங்கும். அவசரப்படுகிறவர்கள் காய்ச்சினால் தொண்டையைத் தாண்டாது. நான் எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சாருஜாவின் கூழுக்குத் தனி ருசி என்பார்கள். என் மாமியும் அப்படித்தான் சொல்வார். அவர் கடைசியாகச் சாப்பிட்டதும் அந்தக் கூழ்தான்.

முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சொல்கிறேன். நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள்.

கலியாணம் முடிந்து இரண்டாவது வருடம் என் கணவர் கோபிசங்கர் கனடாவுக்குப் போனார். விசிட் விசாவில் போய் அங்கேயே நின்றுவிட்டார். அந்த நேரம் பாதி ஊர் அப்படித்தான் போனது. பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தார். பி.ஆர். கிடைத்தால் என்னைக் கூப்பிடுவார். கிடைக்க முன்னர் அவர் அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் எல்லாம் முடிந்தது, திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சட்டத்தரணி அடித்துச் சொல்லியிருந்தார். ஆகவே அவர் அங்கே இருந்தார். நான் தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் அவருடைய தாய் மகாதேவியோடு, என் மாமியோடு, இருந்தேன்.

நான் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். பாஸ்போட் புதுப்பித்தேன். குளிர் ஜக்கெற் ஒன்றும் வாங்கி அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்தேன். என்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பொலிஸ் றிப்போட்கூட எடுத்தேன். அது காலாவதியாகிப் போனது, பி.ஆர். வரவில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போனில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தால் பிள்ளை பிறக்காது.

இந்த நிலையில்தான் மாமிக்கு இருதயம் பலவீனமானது. உடம்பில் நீர் தங்கத் தொடங்கியது. கிளினிக்கில் நீர் போகிற குளிசை தந்தார்கள், உப்பைக் கையாலும் தொடக்கூடாது என்றார்கள். அன்று இரவு இவர் போனில் அழுதார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மாமிக்கு ஏதும் எண்டால், சுவிஸ் அண்ணை வந்து செய்வார்தானே?"

சுவிஸ் அண்ணை இவருடைய தமையன். சுவிஸ் பாஸ்போட் வைத்திருக்கிறவர், நினைத்த நேரம் வந்து போகலாம்.

"தேப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். உனக்குத் தெரியாதே? அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வைக்கோணும். பி.ஆர். போனாலும் பரவாயில்லை, நான் வந்திடுவன்," என்றார்.

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும். அவர் சொன்னால் செய்கிற மனிதர். ஆகவே பி.ஆர். கிடைக்குமட்டும் மாமி உயிரோடு இருந்தாக வேண்டும். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

நான் மாமியைப் பார்த்தது போல ஒருவரும் ஒருவரையும் பார்த்திருக்க மாட்டார்கள். உப்பில்லாத சோறு, உப்பில்லாத கறி. குடிக்கிற தண்ணீரையும் அளந்து கொடுத்தேன். காலையில் எழும்பியதும் அவருடைய கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் நீர் கூடிவிட்டது என்று கிளினிக்கில் தாதி காட்டித் தந்திருந்தார். பள்ளம் தெரிந்தால் உடனே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுவேன். பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "பெத்த மகளும் இப்பிடிப் பாக்கமாட்டாள்," என்பார். அவரையும் நீங்கள் விசாரிக்கலாம்.

மாமிக்கு இருந்த ஒரே குறை சாப்பாடுதான்.

"பிள்ளை, ஒரு வாய் கூழ் காய்ச்சித் தாவன். நாக்குச் செத்துப் போச்சு."

"உப்பில்லாமல் கூழ் என்னண்டு மாமி காய்ச்சிறது?"

"நான் இனி இருந்து என்னத்தைக் கண்டன். தா பிள்ளை."

நான் கொடுக்கவில்லை. ஒருமுறை அவர் கருவாட்டுத் துண்டு ஒன்றை இரத்தினம்மா அக்காவிடம் கேட்டு வாங்கிச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். நான் அதை அவிழ்த்து எறிந்தேன். மாமி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

இவரிடம் இன்னொரு விஷயமும் கேட்டு வைத்திருந்தேன். பி.ஆர். கிடைத்த பிறகு மாமியை என்ன செய்வது என்று. "அம்மா இருக்குமட்டும் நீ அங்கை நில் சாரு. அம்மாவைத் தனிய விட்டிட்டு உன்னைக் கூப்பிட்டால் ஊர் காறித் துப்பும். அம்மாவின்ரை காலம் முடியக் கூப்பிடுறன்," என்றார். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். மாமியின் மற்ற உறுப்புகள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். இப்படியே பார்த்தால் இன்னும் பத்து வருடம் இருப்பார் என்று டொக்டர் என்னைப் பாராட்டினார்.

விசா விஷயத்தை எங்கள் ஆட்கள் வாய்விட்டுக் கதைக்கமாட்டார்கள், ஐயா. உங்களுக்கும் தெரியும். கண்ணூறு படும் என்று பயம். பிளேன் ஏறிய பிறகுதான் அடுத்த வீட்டுக்கே தெரியவரும். போனிலும் "அந்த விஷயம்", "அந்த அலுவல்" என்றுதான் கதை. பி.ஆர். கிடைத்தால் எங்கள் அம்மன் கோயிலில் அபிஷேகம் செய்து பட்டுச் சாத்துவதாக இவர் நேர்த்தி வைத்திருந்தார். போன தை மாதம் ஒரு நாள் காலையில் போன் எடுத்தார்.

"சாரு, கோயிலிலை அந்த நேத்தியைச் செய்து போடு. நல்ல பட்டாப் பார்த்து வாங்கு. இப்ப வேறை ஒண்டும் கேளாதை, ஒருத்தருக்கும் சொல்லாதை."

நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. நேர்த்தி செய்யச் சொன்னால் அலுவல் சரிவந்துவிட்டது என்றுதானே அர்த்தம். அம்மனுக்குச் சிவப்புப் பட்டு வாங்கினேன். அபிஷேகம் நடக்கும்போது கண்ணீர் தானாக வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கலியாணத்திலும் வரவில்லை. கோயிலால் வருகிற வழியில் சந்தைக்குப் போய்க் கூழுக்கு மீன் தலையும் நண்டும் இறாலும் வாங்கினேன்.

மாமிக்கு நம்பிக்கை வரவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உப்புப் போட்டனியே பிள்ளை?" என்று கேட்டார்.

"போட்டனான் மாமி. சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோப்பையை வழித்து விரலை நக்கினார். அன்று பின்னேரம் மகனிடம் போனில், "சாரு கூழ் காய்ச்சித் தந்தவள்," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். உப்பு மாமிக்கு எவ்வளவு கெடுதல் என்று மகனுக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்கு நன்றி சொன்னார்.

அதன் பிறகு மாமி கேட்டதெல்லாம் கொடுத்தேன். கருவாட்டுக் குழம்பு, மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய். தண்ணீரையும் அளக்கவில்லை. நீர் போகிற குளிசையை நிறுத்தி, அந்த இடத்தில் சத்துக் குளிசை ஒன்றை வைத்தேன். மாமி உள்ளங்கையில் போட்டு எண்ணிப் பார்த்துத்தான் விழுங்குவார், எண்ணிக்கை குறைந்தால் கேட்பார். காலையில் வழக்கம்போலப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் முதலில் கணுக்காலில் நின்றது, பிறகு முழங்காலில், பிறகு தொடையிலும் நின்றது. மகனுக்கு வீக்கம் தெரியக்கூடாது என்று போன் நேரத்தில் கால்களைப் போர்வையால் மூடிவிடுவேன்.

நான் அவரை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. படுக்க முடியாமல் போனபோது தலையணைகளை அடுக்கிச் சாய்த்து இருத்தினேன். கடைசி நாள் காலையில் கேட்டு இரண்டு வாய் கூழ் சாப்பிட்டார், மத்தியானம் அவருக்கு மூச்சு முட்டியது.

"பிள்ளை, ஏலாமல் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமே?"

"வெயில் தாழட்டும் மாமி. ஓட்டோ பிடிக்கிறன்."

ஓட்டோ சந்தியில்தான் நின்றது. நான் அவருடைய நெஞ்சைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். வெயில் தாழ முன்னர் அவர் போய்விட்டார். இருதய வருத்தக்காரி என்று எல்லோருக்கும் தெரிந்ததால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இவர் வந்து சேருமட்டும் பிரேதத்தை வைத்திருந்தோம். வந்தார், கொள்ளி வைத்தார், தாடியோடு மூலையில் இருந்தார். செத்த வீட்டில், ஆட்கள் நிறைந்த இடத்தில், அந்த அலுவலைக் கதைப்பது அழகில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போனோம். கிரியை முடிந்து கேணியில் முழுகிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இனிச் செத்த வீட்டுத் துடக்குக் கழிந்தது, கேட்கலாம் என்று நினைத்தேன்.

"எப்ப திரும்பிப் போறியள்?"

"எங்கை?"

"கனடாவுக்கு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாரு, எனக்கு இன்னும் பி.ஆர். கிடைக்கேல்லை. இனிக் கிடைக்கவும் மாட்டுது. வெளிக்கிட்டிட்டன்தானே."

"அப்ப நேத்தி?"

"அங்கை ஒரு சாத்திரியார் சொன்னவர், நேத்தியை முதலே செய்தால் தடை விலகும் எண்டு. அதுதான் செய்விச்சனான்."

கடலில் அலை இல்லை. பக்கத்தில் யாரோ பிண்டம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சாத்திரியார் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு சொல்லை இவர் போனில் சொல்லியிருந்தால் மாமி இன்றைக்கும் கதிரையில் இருந்து உப்பில்லாத சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இதையும் எழுதுங்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் இருந்த மனிதர் ஒரு நாள் மாமியின் அலுமாரியைத் துப்புரவாக்கினார். பாவிக்காத குளிசைகள் வேறு யாருக்கும் உதவட்டும் என்று கிளினிக்குக்குக் கொண்டு போனார். நீர் போகிற குளிசை இவ்வளவு மிச்சம் எப்படி என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். வந்து பையை மேசையில் வைத்தார். கத்தவில்லை. "அம்மா என்னத்தைக் கேட்டவ கடைசியா?" என்று மட்டும் கேட்டார். நான் பொய் சொல்லிப் பழகாதவள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டவ என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வெளியே மர வாங்கிலில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாரே, அவர்தான்.

ஆம், மருந்தை நிறுத்தியது நான். உப்பைக் கொடுத்தது நான். ஓட்டோ பிடிக்காமல் இருந்ததும் நான்தான். மாமி சாக வேண்டும் என்றுதான் செய்தேன். மாமியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடைசிக் காலத்தில் அவர் ஆசைப்பட்டது ஒன்றையும் நான் மறுக்கவில்லை, அதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

இவருக்கு இப்போது என்னில் மனஸ்தாபம், அது ஆறிவிடும். சுண்ணாகத்தில் ஒரு ஏஜென்சியில் விசாரித்து வைத்திருக்கிறேன். புருசனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து வேறு வழியால் புதிதாக விண்ணப்பிக்கலாமாம். இனி வீட்டில் பார்க்க வேண்டியவர் ஒருவரும் இல்லைத்தானே. ஜக்கெற்றும் அலுமாரியில் புதிதாகத்தான் இருக்கிறது.

எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்? வைக்கிறேன். அதற்கு முதல் ஒன்று கேட்க வேண்டும், குறை நினைக்காதீர்கள். பழைய பொலிஸ் றிப்போட் காலாவதியாகிவிட்டது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். ஐயா, இது அதிலை வருமோ?