போர்டு தெரிகிற மாதிரி ஒரு படம்

ஆபீஸ் ஆட்களை ஒரு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போவது கல்யாண வேலை மாதிரி, மேடம். யார் யாரோடு பேசமாட்டார், யாருக்கு வெயில் ஆகாது, யாருக்கு முட்டிவலி, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நான் நிர்வாகப் பிரிவு. நாற்காலி உடைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பிறந்தநாள் கேக் வாங்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் மேனேஜர் என்னை அழைத்து, "எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறாங்க, ஒத்துமையா ஏதாவது விளையாட வைங்களேன்" என்றபோது எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. கயிறு இழுப்பது, பலூன் உடைப்பது எல்லாம் அலுத்துவிட்டது என்றேன். ஊருக்குள் போட்டோ வேட்டை வைக்கலாம் என்றேன்.

அது ஒன்றும் கஷ்டமான விளையாட்டு இல்லை. ஐந்து அணி. ஒவ்வொரு அணிக்கும் ஊரில் ஒரு பகுதி, கையில் சில குறிப்புகள். குறிப்பில் இருக்கிற இடத்தைத் தேடிப் போய் அங்கே படமெடுத்து, எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நான் ஆபீஸில் உட்கார்ந்து மார்க் போடுவேன். சின்னப்பிள்ளை விளையாட்டுதான். ஆனால் பெரியவர்களை அப்படி விளையாட விட்டால் எப்படிச் சந்தோஷப்படுகிறார்கள் தெரியுமா?

நீங்கள் கேட்டது வேறு என்று எனக்குத் தெரியும். வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அந்தச் சமயத்தில் என் மனைவியும் மகளும் என்னோடு இல்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு மாலை வீட்டுக்குள் நுழைந்து "பாப்பா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்தச் சத்தம் அப்படியே சுவரில் முட்டி என்னிடமே வந்தது. அதற்குப் பிறகும் நான் மூன்று பேருக்குத்தான் சமைத்துக்கொண்டிருந்தேன், கை அப்படிப் பழகிவிட்டது. மீந்ததைக் கொட்டும்போது அழுவேன். ஆண்பிள்ளை அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கை நீட்டியதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எந்த வீட்டில்தான் இல்லை? என் மனைவியின் மணிக்கட்டு முறிந்தது, அவள் திமிறியதால். சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன் என்பதும் உண்மைதான். வெயிலில் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று பார்த்தேன்.

அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கதவுச் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை. "எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். கொன்னு போட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றாள். நான் எதற்கு அவளைக் கொல்லப் போகிறேன்? இதே ஸ்டேஷனுக்கும் வந்தேன். உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், அவங்களா விருப்பப்பட்டுத்தான் போயிருக்காங்க. இதே ஊர்லதான் நல்லா இருக்காங்க. அட்ரஸ் மட்டும் கேக்காதீங்க" என்றார். இதே ஊரில் என்று அவர் வாய் தவறிச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தினமும் வேலை முடிந்ததும் தேடினேன். தெருத்தெருவாக. ஒற்றை ஆள் எவ்வளவு தேட முடியும், சொல்லுங்கள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டார்.

குறிப்புகளை எழுத அதிக நேரம் ஆகவில்லை. என் மனைவியைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளுக்குக் கைவந்தது தையல் ஒன்றுதான், அதிலும் பழைய துணியைப் பிரித்துச் சரிசெய்வது. ஆகவே, 'ஜிப் போனால் ஜீவன் கொடுப்பார்' என்று ஒரு குறிப்பு. பாப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மந்தம், நல்ல கண்ணை மூடிப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே குழந்தைகளுக்குக் கண்ணாடி போடும் கடை ஒன்று. பள்ளிக்கூடம் விடும் நேரத்து வாசல் ஒன்று. நடுவில் சந்தேகம் வராமல் இருக்க மணிக்கூண்டு, சிலை, பாலம் என்று நாலைந்தைக் கலந்துவிட்டேன். நான் ஏற்கெனவே அலசி முடித்த பகுதிகளுக்கு எந்த அணியையும் அனுப்பவில்லை. வீணாக எதற்கு நடக்க வைக்க வேண்டும்?

விதி இரண்டே இரண்டு. ஒன்று, ஒவ்வொரு படத்திலும் நம் ஆபீஸைச் சேராத ஒருவர் முகம் தெரிய நிற்க வேண்டும். இரண்டு, கடை என்றால் பெயர்ப் போர்டு தெரிய வேண்டும். இதைக் கேட்டு மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. "முன்பின் தெரியாத ஆளுங்ககிட்ட பேசிப் பழக வைக்கிறீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க" என்று தோளில் தட்டினார். சனிக்கிழமை வைக்கலாம் என்றார், வேலைநாள்தான் நல்லது என்று சொல்லி மாற்றினேன். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் அடிக்கக் கொடுத்தார்கள். அதில் கம்பெனி பெயர் வேண்டாம் என்றேன், விளம்பரத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் விரட்டுவார்கள் என்று காரணம் சொன்னேன். என் கம்பெனி பெயரைப் பார்த்தால் என் மனைவி பின்வாசல் வழியாக ஓடியிருப்பாள். அவளுக்கு எதற்கு அந்தப் பயம்?

வேட்டை நாளன்று மதியம் நான் மீட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. டிரைவர் சிலைக்குப் பக்கத்தில் சிலை மாதிரியே நிற்கிறார். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஒரே குடைக்குள் நின்று சிரிக்கிறார்கள். எனக்கே மனசு நிறைந்துவிட்டது. ஆனால் நான் அவர்களை அதிகம் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் போகிற வருகிறவர்களைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். வாய் ஓயாது என்பதால் ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுவோம், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள்தான் அனுப்பினாள். ஒரு சின்னத் தையல்கடை, ஒரு மிஷின், கழுத்தில் அளவு டேப்போடு ஒருத்தி. ரேடியோ அவள் தோளில் கை போட்டிருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்ததால் எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், மேடம். வாய் நிறைய. என்னோடு இருந்த இத்தனை வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னை அடித்துப் போட்டது அதுதான். அவள் பக்கத்திலிருந்த வெட்டுமேஜைக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. திரையைத் தொட்டுப் பார்த்தேன்.

கூடவே ரேடியோவின் குரல் பதிவும் வந்தது. "சார், இந்த அக்கா போட்டோ வேணவே வேணாம்னு ஒரே அடம். நீங்க நிக்கலைன்னா நாங்க தோத்துருவோம்கா, ப்ளீஸ்கான்னு கெஞ்சினேன். பாவம், சிரிச்சுக்கிட்டே வந்து நின்னாங்க. போர்டு மட்டும் எடுக்காதீங்கன்னாங்க, சரின்னுட்டேன். இதுக்கு டபுள் மார்க் போடணும், சொல்லிட்டேன்."

உடனே பதில் போட்டேன். "சூப்பர்மா. ஆனா போர்டு இல்லாம மார்க் செல்லாது. கிளம்பிட்டீங்கன்னாலும் பரவாயில்லை, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்னு போர்டு தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்பு. அந்த அக்காகிட்ட சொல்ல வேணாம், சங்கடப்படுவாங்க." அந்தப் பெண் திரும்ப ஓடிப் போய் எடுத்து அனுப்பினாள். கடைப் பெயரும் தெருப் பெயரும் அவ்வளவு துல்லியமாக இருந்தன. அவள் அணிக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு துள்ளிக் குதித்தாள். இப்போது அவள் வேலைக்கு வருவதில்லையாம், வீட்டிலும் யாரோடும் பேசுவதில்லையாம். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். குறிப்பு எழுதியவன் நான், அவள் விளையாடினாள், அவ்வளவுதான்.

அன்றைக்கே அந்தக் கடைக்கு ஓடியிருந்தால் ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்பீர்கள். நான் ஆத்திரக்காரன் இல்லை. மறுநாள் வேலைக்குப் போனேன், வேட்டைப் படங்களையெல்லாம் வராந்தாப் பலகையில் ஒட்டினேன், பிறகுதான் போனேன். ஜிப் போன பேன்ட் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கடையில் ஓர் அம்மாள் பாவாடை வாங்க வந்திருந்தார். அவர் போகும்வரை எதிர்ப்பக்கம் நின்றேன். பிறகு உள்ளே போய் ஷட்டரை இறக்கினேன். குடும்ப விஷயத்தை ஊர் பார்க்கப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அவள் கத்தவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"பேச வந்திருக்கேன்" என்றேன்.

"பேச ஒண்ணுமில்லை. போயிடுங்க" என்றாள். "நாங்க நல்லா இருக்கோம். தயவு செஞ்சு விட்டுடுங்க."

நல்லா இருக்கோம் என்கிறாள். நான் அங்கே கொட்டுகிற சோற்றைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறேன், இவர்கள் நல்லா இருக்கிறார்களாம். படத்தில் பார்த்த அந்தச் சிரிப்பு எங்கே என்று தேடினேன். அவள் முகத்தில் இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குச் சும்மா கொடுத்ததை எனக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு தடவை சிரி, போய்விடுகிறேன் என்றுகூடக் கேட்டேன். முயற்சி செய்தாள். உதடு நடுங்கியதே தவிர வரவில்லை.

பாப்பா மேஜைக்கு அடியில் இருந்தாள். "நீ காதைப் பொத்திக்கிட்டு எண்ணு கண்ணு" என்று அவளிடம் அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் பிள்ளைக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். பாப்பா எண்ண ஆரம்பித்தாள். நடுவில் தடுமாறும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

நான் எதுவும் கொண்டுபோகவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் மேஜைமேல் கிடந்தது, அவள் துணி வெட்டுகிறது. எடுத்தது நான்தான். குத்தியதும் நான்தான். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. அதையும் எழுதுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் ஷட்டரைத் தூக்கியபோது அப்படித்தான் இருந்தேன் இல்லையா? பாப்பா அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு விஷயம். பாப்பா பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னீர்கள். பிள்ளைதானே, பயந்திருக்கும். கொஞ்சம் எடுத்துச் சொல்லி இங்கே கூட்டிவாருங்கள், மேடம். அம்மாவையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறது, அதற்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?