பதினாலாம் நம்பருக்கு மூன்றாம் பூச்சு

மஞ்சள் பெயின்ட் ஒரே பூச்சில் மூடாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். சிவப்பு அடக்கமான நிறம், ஒரு தடவை அடித்தால் உட்கார்ந்துவிடும். மஞ்சளுக்கு அந்தக் குணம் கிடையாது. முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரியும். இரண்டாவதில் திட்டுத்திட்டாக நிற்கும். மூன்றாவதில்தான் பஸ் பார்க்கிற மாதிரி ஆகும். ஒரு பூச்சு அடித்து, பத்து நிமிஷம் காயவிட்டு, அடுத்ததை அடிக்க வேண்டும். "ஒரு பொம்மை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரமா?" என்று நேற்று கேட்டீர்கள். அந்த முக்கால் மணி நேரம் இப்படித்தான் ஆனது.

ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். வாக்குமூலத்தில் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், பொம்மை என்று மட்டும் எழுதாதீர்கள். அது மாதிரி பஸ். நிஜ பஸ்ஸில் இருபத்துநாலு சென்டிமீட்டர் என்றால் என் மேஜையில் ஒரு சென்டிமீட்டர். கம்பிகூட அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

நான் முப்பது வருஷம் ஒரு கம்பெனியில் இயந்திரப் படம் வரைந்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன், அவர்களும் பெரிய மனது பண்ணி நம்பினார்கள். அண்ணன் பஸ் டிரைவர். பதினாலாம் நம்பர் வண்டியை முப்பத்தோரு வருஷம் ஓட்டினார். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவருடைய நுரையீரலும் ஓய்வு கேட்டது. அண்ணி அதற்கு முன்பே போய்விட்டார். ஒரே மகள் பக்கத்து ஊரில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். ஆகவே அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடுகிற ஆக்சிஜன் மிஷின். தெருவில் எல்லாரும் "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா" என்றார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை.

அப்போது நான் பதினொரு பஸ் செய்து முடித்திருந்தேன். மாதிரி வண்டி செய்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர் ஒரு பல் டாக்டர். என் பஸ்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "உங்க கைக்கு நீங்க எங்க தொழில்ல இருந்திருக்கணும்" என்பார். அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்குத் தெரியாது, எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாவது பஸ் அண்ணன் மகளின் யோசனை. "அப்பாவோட பதினாலாம் நம்பரைச் செஞ்சு குடுங்க சித்தப்பா. அவருக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். சரி என்றேன். அண்ணன் உடனே, "மேஜையை இங்கயே கொண்டாந்து போடுடா. நானும் பார்க்கிறேன்" என்றார். அந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் சம்மதித்தேன். என் வாழ்க்கையில் வெளிச்சத்தை நம்பி எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

கூடு கட்டி முடித்த அன்று அவரிடம் தூக்கிக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேய்... இது என் வண்டியா, பிஸ்கட் டப்பாவா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகும் விடவில்லை. "டிரைவர் சீட்டை இவ்வளவு முன்னால தள்ளிட்டே... என் தொப்பையை எங்கடா வைக்கிறது?"

சீட்டைப் பெயர்த்துப் பின்னால் தள்ளினேன். மறுநாள் பக்கக் கண்ணாடி. அது நேராக இருக்காதாம், கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்குமாம். அதற்கப்புறம் ஏறும் படி. இரண்டாவது படியின் இடது ஓரம் தேய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் கால் வைப்பார்களாம். மூன்றாவது வரிசையில் ஒரு சீட்டு கிழிந்து, அவரே நீல நூலால் தைத்தாராம். இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் நீல நூல் தையல் போட்டிருக்கிறீர்களா, ஐயா? நான் போட்டேன். பார்த்துவிட்டு, "தையல் இன்னும் கோணலா இருக்கும்டா. எனக்கு எங்க தைக்க வரும்?" என்றார்.

அவர் சொன்னது எல்லாமே சரி. பிரச்சினை அங்கேதான் இருந்தது. தப்பாகச் சொல்கிறவனை மன்னித்துவிடலாம்.

ஒரு நாள் பல் டாக்டர் பார்க்க வந்தார். பஸ்ஸுக்கு முன்னால் குனிந்து, "அற்புதம்" என்றார். அந்தச் சொல்லை நான் அனுபவித்து முடிப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டாக்டர்... மழையில வைப்பர் பாதியில நின்னுடும். கையை வெளிய விட்டுத் தள்ளிக்கிட்டே ஓட்டுவேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கம் போட்டுக்கொண்டார். ஒன்றரை மணி நேரம். எனக்கு அவருடைய முதுகு தெரிந்தது. காபி போடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். போகும்போது அவர் என் கையைக் குலுக்கி, "நம்ம சங்கக் கண்காட்சிக்கு உங்க அண்ணனையும் சக்கர நாற்காலியில கூட்டிட்டு வந்துடுங்க. பஸ் பக்கத்துல உட்கார்ந்து அவர் எல்லாருக்கும் கதை சொல்லட்டும். பஸ் பக்கத்துல வைக்கிற அட்டையிலயும் அப்படியே எழுதிடலாம்" என்றார். அட்டையில் எழுதப்போவதைக் கையிலிருந்த தாளில் எழுதியும் காட்டினார். முதல் வரி, 'சொன்னவர்: அண்ணன்.' இரண்டாவது வரி, 'செய்தவர்: தம்பி.'

நான் வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வயதுக்கு மரியாதை தருகிறவன் நான்.

இனி பிளக் பாயிண்டைப் பற்றிச் சொல்கிறேன். பழைய வீடு. அந்த அறையில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கிக்குக் காற்று தரும் கம்ப்ரஸருக்கும் அதே பிளக்தான் வேண்டும். முதல் தடவை வழி சொன்னது அண்ணன்.

"என் மிஷினைப் பிடுங்கிட்டுப் போடுடா. பத்து நிமிஷம்தானே... சமாளிச்சுக்கிறேன். பெயின்டுல பிசிறு வந்துடக் கூடாது."

அவரே சொன்னார். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அதுவுமில்லாமல், ஆக்சிஜன் ஓடும்போது பக்கத்தில் பெயின்டில் கலக்கிற தின்னர் அடித்தால் தீப்பிடிக்கும் என்று மிஷின் மேலேயே அச்சடித்திருக்கிறது. நான் விதிகளை மதிப்பவன். ஜன்னலையும் சாத்திவிடுவேன், ஈரப் பெயின்டில் தூசி உட்காரும் என்பதால்.

அந்த முதல் தடவை ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் அவர் மிஷினைத் திரும்பச் செருகினேன். நன்றாகத்தான் இருந்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மூன்று பூச்சும் முடிந்தது. காய்ந்த பிறகு பார்த்துவிட்டு, "நிறம் வேறடா. இதுல ஆரஞ்சு கலந்திருக்கு. நம்ம வண்டி எலுமிச்சை" என்றார்.

சுரண்டினேன். நாலு நாள். இரண்டாம் தடவை அடிக்கும்போது நடுவில் செருகவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகிக்கொண்டே இருந்தால் பாயிண்ட் தளர்ந்துவிடும், பழைய வீடு என்று சொன்னேனே. இருபதாவது நிமிஷத்தில் அவர் பேச்சு நின்றது. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் உதடு நீலமாயிற்று. நிறம் மாறினால் என் கண்ணில் படாமல் போகாது. அந்த அளவில் நிறுத்திக்கொண்டு மிஷினைச் செருகினேன். எந்தப் பெயின்டையும் வண்டியில் அடிப்பதற்கு முன்னால் ஒரு துண்டு அட்டையில் அடித்துப் பார்ப்பது என் வழக்கம்.

சாயங்காலம் தெளிந்ததும் அவர் கேட்டது, "மஞ்சள் எப்படிடா வந்திருக்கு?" பார்த்தார். "கிட்ட வந்துட்டே. இன்னும் ஒரு சொட்டு வெள்ளை சேர்த்தா அதேதான்" என்றார்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்ததே என்று கேட்டீர்கள். இருந்தது. அண்ணன் மகள் வாங்கி வந்தது, அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. நோயாளி இருக்கிற அறையில் தரையில் வயர் கிடந்தால் தடுக்கி விழுந்துவிடுவார் என்று எனக்குக் கவலை. அவர் கட்டிலை விட்டு இறங்கி எட்டு மாதம் ஆகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். கவலைக்குக் கணக்கு உண்டா?

பேட்டரி விஷயமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மின்சாரம் நின்றால் அந்த மிஷின் கீச்சென்று கத்தும். கத்துவதற்காக உள்ளே ஒரு சதுர பேட்டரி வைத்திருக்கிறார்கள். தெருக்கோடிவரை கேட்கும். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் அதைப் பொறுத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். இதற்கிடையில் பஸ்ஸின் முகப்பு விளக்கு எரிய எனக்கு ஒரு சதுர பேட்டரி தேவைப்பட்டது. கடை வரை போவானேன் என்று அதையே எடுத்துக்கொண்டேன். கடை நாலு வீடு தள்ளி இருக்கிறது என்பதும் உண்மைதான்.

வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. அண்ணன் தன் மகளோடு போனில் பேசி முடித்தார். "ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு புதுச் சட்டை எடுத்துட்டு வாம்மா. கண்காட்சியில நாலு பேர் பார்ப்பாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன். பெயின்டில் ஒரு சொட்டு வெள்ளை சேர்த்தேன். பிளக்கை மாற்றினேன். பன்னிரண்டு மணிக்கு டாக்டருக்குப் போன் செய்தேன். பல் டாக்டருக்கு இல்லை, அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தவருக்கு. அவர் வருவதற்குள் மிஷினைச் செருகி, ஜன்னலையும் திறந்து வைத்திருந்தேன். "எதிர்பார்த்ததுதானே. இவ்வளவு நாள் இருந்ததே நீங்க பார்த்துக்கிட்டதாலதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படித்த மனிதர்.

கண்காட்சி பத்து நாள் கழித்து. என் பஸ்ஸுக்கு முதல் பரிசு. பல் டாக்டர் அட்டையை மாற்றி எழுதியிருந்தார். 'பதினாலாம் நம்பர் ஓட்டுநரின் நினைவாக' என்று பெரிய எழுத்தில். என் பெயரைத் தேடினேன். இருந்தது, கீழே. உயிரோடு இருந்தபோது அண்ணனுக்கு ஒரு வரிதான் தருவதாக இருந்தார்கள். அட்டை முழுவதையும் அவருக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மத்தியானம் முகப்பு விளக்கு அணைந்துவிட்டது. அண்ணன் மகள் பக்கத்தில் நின்றாள். "நான் பார்க்கிறேன் சித்தப்பா" என்று பஸ்ஸைப் பதமாகத் திருப்பி, அடித்தட்டைக் கழற்றினாள். உதவி செய்யத்தான். பேட்டரியை வெளியே எடுத்தவள் அதில் எழுதியிருந்த தேதியைப் படித்தாள். வீட்டுக்கு எது வாங்கி வந்தாலும் நீல மசியில் தேதி எழுதி வைப்பது அவள் பழக்கம். மாத்திரை டப்பா, தண்ணீர் வடிகட்டி, மிஷின் பேட்டரி, எல்லாவற்றிலும். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் பேட்டரியில் எழுதிய பக்கம் உள்ளேதானே இருக்கிறது.

"இது அப்பா மிஷின்ல போட்டதாச்சே" என்றாள்.

"பழசு. மாத்திட்டேன்" என்றேன்.

அவள் பேட்டரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய், துணி போட்டு மூடி வைத்திருந்த மிஷினைத் திறந்து பார்த்திருக்கிறாள். பேட்டரி வைக்கும் குழி காலி. அன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். நான் உங்களுக்கும் காபி போட்டேன்.

இப்போது நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் என்னைக் கூப்பிடவே இல்லையா என்கிறீர்கள். கூப்பிடவில்லை, அவரால் குரல் எழுப்ப முடியாது. ஆனால் தட்டினார். கட்டில் கம்பியில், விரலில் போட்டிருந்த மோதிரத்தால். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பொதுவான பாஷை அது. மணி ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம். சின்ன வயதில் அவர் வண்டியில் ஏறும்போதெல்லாம் அந்த மணிக் கயிற்றை இழுக்க என்னை விடுவார், அதனால் எனக்கு நன்றாகவே தெரியும்.

அவர் ஒரு தடவை தட்டினார். நான் திரும்பவில்லை. பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினால் பெயின்டில் கோடு விழும். பஸ்ஸின் இடது பக்கம் முழுவதையும் அடித்து முடித்தேன். காயட்டும் என்று பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கத்தை ஆரம்பிக்கும்போது இன்னொரு தட்டு கேட்டது, முன்னதைவிட மெதுவாக.

ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஐயா. அவர் போகலாம் என்று சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.