வெட்டைப் பாராத வீடு

நடுநிலை பிறழாத அவைத்தலைவர் அவர்களே, நரையோடு நிதானமும் கண்ட பெரியோர்களே, பெற்ற பிள்ளைக்கும் பெறாத பிள்ளைக்கும் சேர்த்தே அழத் தெரிந்த தாய்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

சற்றுமுன் இதே மேடையில் நடந்து முடிந்த துன்பியல் நாடகத்தின் கொடியவளைப் பற்றிப் பேசுமாறு தலைவர் பணித்தார். அவளுக்காகப் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருந்தால், பொறுத்தருள்க.

தையல்காரர் குடும்பம். ஊரில் ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக்கான பட்டுத்துணியை இளைய மருமகளிடம் நீட்டுகிறார் மாமனார். "சின்னவளுக்கு ராசியான கை. அவளே வெட்டட்டும்." அந்த ஒரு சொல் மூத்தவளின் நெஞ்சில் முள்ளாய் முளைத்தது. வீடு உண்ண அமர்ந்த வேளையில் கத்தரியை எடுத்தாள், பட்டைப் பாழாக்கினாள், பிறகு முதல் ஆளாய் வந்து முறையிட்டவளும் அவளே.

"ராசியான கைன்னீங்களே மாமா, வந்து அந்த ராசியைப் பாருங்க."

இளையவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வெட்டைப் பாருங்க மாமா."

மூத்தவள் இடக்கைக்காரி. இடக்கையின் வெட்டு எதிர்ப்புறம் சாயும். ஊரார் துணியில் நூலிழை பிசகினாலும் கண்டுபிடிக்கும் வீடு அது. குனிந்தாரா மாமனார்? குனிந்தானா இளையவளைக் கைப்பிடித்த கணவன்? இருவரும் அவளுக்கு வாசலைக் காட்டினார்கள். மறுநாள் ஆறு அவள் உடலைக் கரைசேர்த்தது.

அதன்பின் மூத்தவளுக்கு உறக்கமில்லை. சோறு இறங்கவில்லை. இடக்கையை முந்தானைக்குள் மறைத்து, வலக்கையால் வெட்டப் பழகுகிறாள்.

"பாவம், அவளும் மனுஷிதானே" என்கிறார் முன்வரிசையில் ஒரு தாய். மனுஷிதான் அம்மா, மறுக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்த நீங்கள் அவள் வாயைப் பார்த்தீர்களா? தெருவில் இறங்கிய இளையவள் ஒருமுறை திரும்பி நின்றாளே, அப்போது அந்த வாய் திறந்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும். குற்றத்தால் கூனிக் குறுகியவள் குற்றத்தைக் கூறினாளா? உறுத்தல் அவளுடையது, வைத்துக்கொள்ளட்டும். உண்மை இளையவளுக்குச் சேர வேண்டியது. அதையுமல்லவா தனக்கே வைத்துக்கொண்டாள்!

கடைசிக் காட்சியில் வேறொரு பட்டு வருகிறது. வலக்கையில் கத்தரி தடுமாறுகிறது.

"நீ எப்பவும் இடது கையாலதானேம்மா வெட்டுவ?"

கேட்டவர் மாமனார். கிழவர் பெட்டியைத் திறந்து, பாழான பழைய பட்டை எடுத்து விரிக்கிறார். அன்று குனியாத முதுகு இன்று குனிகிறது. நிமிரவே இல்லை. திரை விழுகிறது.

பொய்யை நெய்தவள் ஒருத்தி. அதை அளவு பார்க்காமல் உடுத்திக்கொண்டது ஒரு வீடு. அரங்கமோ நெய்தவளுக்காக அழுகிறது. இளையவள் யாரிடமும் கண்ணீர் கேட்கவில்லை. ஒருமுறை குனிந்து பார்க்கத்தான் கேட்டாள்.

இந்தக் கசப்பைக் கண்முன் நிறுத்திய கலைஞர்களுக்கும், என் கசப்பைப் பொறுத்த உங்களுக்கும் நன்றி. கேட்க ஆளின்றிப் போன அந்தப் பெண்ணை வணங்கி அமர்கிறேன். வணக்கம்.